குடல்வால் அறுவையின் கடினத்தை முன்னறிதல்

பெருங்குடலின் தொடக்கத்தில் சிறு விரல்போல் தொங்கும் உறுப்பே குடல்வால். இறுகிய மலத்துணுக்கு முதலியவற்றால் அதன் துவாரம் அடைபட்டால், கிருமிகள் பெருகி அழற்சி உண்டாகும். அவ்வாறு கெட்ட குடல்வாலைப் பெரும்பாலும் அறுவையால் அகற்றுவர். 1980-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்னும் மருத்துவர், வயிற்றை அகலக் கீறாமல், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி இதனை அகற்றினார். சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் இன்று இம்முறை கையாளப்படுகிறது.

இம்முறையில் காயம் சிறிது. நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். எனினும் எல்லா அறுவைகளும் எளியன அல்ல. சிலவற்றை இடையில் நிறுத்தி, வயிற்றைத் திறந்தே முடிக்க நேரிடுகிறது. இதனை முன்னரே உணர்ந்தால், அனுபவம் மிக்க மருத்துவரை அமர்த்தலாம். குடும்பத்தாருக்கு நிலைமையை விளக்கி இசைவு பெறலாம்.

1986-இல் அல்வராடோ வகுத்த பத்து மதிப்பெண் முறை, நோய் குடல்வால் அழற்சிதானா எனத் தீர்மானிக்க உதவுவது. அறுவையின் கடினத்தை அளக்க வகுக்கப்பட்டதன்று. கடினத்தைக் காட்டும் குறிகள் வேறு. வலி தொடங்கி இரண்டு மூன்று நாட்கள் கழிந்திருத்தல் அவற்றுள் முக்கியமானது. நாள் செல்லச் செல்லக் குடல்களும் கொழுப்புத் திரையும் குடல்வாலைச் சூழ்ந்து ஒட்டிக் கட்டியாகத் திரளும். அப்போது அதனைப் பிரித்தெடுத்தல் அரிது. முன் செய்த வயிற்று அறுவை, மிகுந்த உடற்பருமன், ஸ்கேனில் தோன்றும் சீழ்க்கட்டி, பெருங்குடலின் பின்னே மறைந்த குடல்வால், இரத்தத்தில் மிகுந்த வெள்ளணுக்கள் ஆகியனவும் ஆராயத்தக்கவை. எந்த ஒரு குறியும் தனித்து முடிவு கூறாது. அனைத்தையும் சேர்த்தே மருத்துவர் கணிப்பர். கட்டி திரண்டிருப்பின், உடனே அறுக்காமல் மருந்தால் தணிப்பதும் உண்டு.

இக்குறிகளுள் நம்மால் மாற்றக்கூடியது காலமே. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். உட்கிராமத்தார்க்கு மருத்துவமனை மேலும் தொலைவாகலாம். ஆகவே தாமதம் ஊரிலேயே தவிர்க்கப்பட வேண்டும். தொப்புளைச் சுற்றித் தோன்றிய வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கி, பசியின்மை, வாந்தி, காய்ச்சல் சேர்ந்தால், அன்றே நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புக. பேதி மருந்து கொடுத்தல் ஆகாது. கடும் வலி திடீரெனக் குறைவது எப்போதும் நலத்தின் குறியன்று; குடல்வால் வெடித்ததாலும் அவ்வாறு நேரலாம்.

வலி தொடங்கிய நாளையும் மணியையும், முன் செய்த அறுவையையும் ஒரு சீட்டில் எழுதி உடன் அனுப்புதல் ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் எளிது. மருத்துவரின் கணிப்புக்கு அச்சீட்டு பெரிதும் துணையாகும்.