முந்திரிகைக் கொடியும் முதுசமும்

யவனர் கொணர்ந்த நறுமதுவைப் பாண்டிய வேந்தன் பொற்கலத்தில் அருந்தியமையைப் புறநானூறு கூறும். அம்மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்களை 1945ஆம் ஆண்டிலே அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்தார் மோட்டிமர் வீலர். யவனர் கலங்கள் நாடிய இக்கடலை நோக்கியே எமது இலுப்பைக்கடவையும், அதன் தெற்கே பண்டைத் துறைமுகமாகிய மாந்தையும் உள்ளன. மது கடல் கடந்து வந்தது. அதனை வடிக்கும் குடும்பத் தொழில் உடன்வரவில்லை. அஃது ஏன் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. மதுவின் புகழ் பாடுதல் எமது நோக்கமன்று. ஒரு பயிரும் ஒரு குடும்பமும் எங்ஙனம் பிணைந்து வாழ்கின்றன என்பதே எமக்கு வேண்டிய செய்தி.

முந்திரிகைப் பழத்தை நசுக்கினால், மதுவம் அதன் சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். நொதித்தல் நுண்ணுயிரின் தொழிலே என நிறுவிய பாஸ்ரர், 1866ஆம் ஆண்டில் முந்திரிகை மதுவைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஓர் இலீற்றர்ச் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால், நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரம் உண்டாகும். இவ்வளவில் நம் பனங்கள்ளுக்கும் அதற்கும் வேறுபாடு பெரிதில்லை. வேறுபாடு காலத்திலேயே உள்ளது. காலையில் இறக்கிய கள் மறுநாட் புளித்துவிடும். அதற்கு நிலவறை வேண்டா, பீப்பாயும் வேண்டா. முந்திரிகை மதுவோ மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருப்பது. ஐரோப்பாவிற் கொடியும் நட்ட மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டிலேதான் தக்க கனி தரும். பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் நின்று பயன்படும். நட்டவன் பேரனும் அதிலே கொய்வான்.

அந்நாட்டு மாரிக்குளிரிற் கொடி இலையுதிர்த்து உறங்கும். நம் நாட்டில் அதற்கு உறக்கமில்லை. ஆதலால் உழவன் கத்தரித்து அதனை உறங்கச்செய்து எழுப்புகின்றான். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பந்தலிட்டு வளர்க்கப்பெறும் ‘இஸ்ரேல் புளூ’ இனமும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் இவ்வாறே ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கின்றன. உண்பதற்கு இது நன்று. மது வடிப்பார்க்கோ இடர். வெப்பத்தாற் பழத்தின் புளிப்பு குறைகின்றது; புளிப்புக் குறைந்த சாறு எளிதிற் கெடும். நொதிக்கும் சாறு தானே சூடேறும் இயல்பினது. 35 பாகை செல்சியஸைக் கடப்பின் மதுவம் தளர்ந்துவிடும். சித்திரை வெயிலிற் குளிரூட்டாது இத்தொழில் செய்தல் அரிது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

எனினும் வெயிலும் சட்டமும் மட்டுமே காரணமெனின், பிரான்சில் நிகழ்ந்ததை விளக்க இயலாது. அங்கே பேர்கண்டிப் பகுதியிற் ‘குளோ த வூஜோ’ என்னும் மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றுண்டு. பரப்பளவு ஏறக்குறைய 50 ஹெக்டயர். சிஸ்தேசியத் துறவியர் பல நூற்றாண்டுகள் அதனை ஒரே தோட்டமாக ஆண்டனர். 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அரசு அதனைக் கைப்பற்றி விற்றது. 1889இற் பலர் கூறிட்டு வாங்கினர். 1804ஆம் ஆண்டின் குடியியற் சட்டமோ பிள்ளைகள் அனைவர்க்கும் சமபங்கு என்றது. விற்பனையாலும் வாரிசுரிமையாலும் பிரிந்து, இன்று அவ்வொரு மதிலுக்குள் ஏறக்குறைய 80 உடைமையாளர் உளர். சிலர்க்குச் சில நிரைக் கொடிகளே சொந்தம்.

இதனைப் படிக்கும் யாழ்ப்பாணத்தார்க்கு வியப்புத் தோன்றாது. ஒல்லாந்தர் 1707இற் சட்டமாக ஏற்ற தேசவழமையின் வழியே முதுசம் மக்களுக்குப் பங்காகும். மகளுக்குச் சீதனமாகவும் காணி போகும். தோட்டம் சில பரப்புகளாகச் சுருங்கும், வேலி பெருகும், ஒரு கிணற்றுக்குப் பல பங்குக்காரர் தோன்றுவர். சில பரப்பிலே பந்தலிட்டுப் பழம் விற்றுச் சீவிக்கலாம். ஆண்டுக்கணக்கில் விலைபோகாது கிடக்கும் பீப்பாய்களை வைத்திருத்தல் இயலாது.

வடபகுதியில் முந்திரிகையும் மதுவும் ஒரு சமூகத்தாரிடம் நிலைத்தமை துறவியரிடையே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1928ஆம் ஆண்டிலே தோமஸ் அடிகளார் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் சபையார் முந்திரிகை பயிரிட்டனர். அவர்தம் நெல்லி இரசம் நாடறிந்தது. யாழ்நகரிலுள்ள அச்சபைக் கன்னியர் மடத்தின் ‘ரொசெற்றோ’ கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிய மது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது தோலகட்டித் துறவியரும் பெயர்ந்தனர், தோட்டம் பாழாயிற்று. ஆயினும் பல்லாண்டு கழிந்து திரும்பியபோது, அந்நிலம் எவர்க்கும் சீதனமாகவோ முதுசமாகவோ பிரிந்திருக்கவில்லை. துறவிக்கு வாரிசு இல்லை. மடத்துக்குப் பங்கு இல்லை.

இல்லறத்தார் இதனைப் பின்பற்றுதல் எங்ஙனம்? பிரான்சியர் ஒரு வழி கண்டனர். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால், உடன்பிறந்தார் காணியைக் கூறுபோடாது ஒரு நிலக்கூட்டுக் குழுவிடம் ஒப்படைக்கலாம். ஒவ்வொருவரும் பெறுவது மண்ணின் துண்டன்று, குழுவின் பங்கு. ஒருவர் நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்வார். ஏனையோர் குத்தகைப் பணம் பெறுவர். பேர்கண்டியின் சிறு குடும்பத் தோட்டங்கள் பல இங்ஙனமே உயிர்தரித்துள்ளன.

இலங்கையில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டப்படி, பங்குக்காரர் எவரும் தனித்தே பிரிவினை வழக்குத் தொடரலாம். பங்குக்காரருள் ஒருவர் ரொறன்ரோவிலும் இன்னொருவர் பாரிசிலும் வதிய, மூன்றாமவர் இங்கிருந்து பந்தல் காக்கும் குடும்பங்கள் இன்று பல. அவர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளத்தக்க குத்தகை உறுதி ஒன்றை வகுத்துத் தருதல், நம் கல்லூரியிற் பயின்று சட்டத்துறை புகுந்த பழைய மாணவர்க்கு இயலாததன்று.