சோளகமும் கடலின் மூச்சும்: ஆழத்து நீர் மேலெழும்போது நடப்பது என்ன?

ஓகஸ்ட் மாதத்தில் மாங்குளம் சந்தியில் நின்றால் சோளகம் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, வன்னிக்கு வரண்டே வந்து சேரும் காற்று அது. நிலத்தில் குளங்களை வற்றவைக்கும் இதே தென்மேல் பருவக்காற்று, கடலில் ஆழத்து நீரை மேலே கொண்டுவருகிறது. இதற்கு 'மேலெழுகை' என்று பெயர்.

யூன் முதல் செப்ரெம்பர் வரை, மாத்தறை, அம்பாந்தோட்டைக் கரையோரமாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்றுத் தள்ளும் மேல்நீர் அதன் திசைக்கு வலப்புறமாக விலகும். கிழக்கு நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் தெற்கு, அதாவது திறந்த கடல். மேல்நீர் கரையை விட்டு அகல, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த ஆழத்து நீர் ஏறி வருகிறது. நமது கிழக்குக் கடலுக்கு அப்பாலும் அதே பருவத்தில் காற்றின் சுழற்சியால் ஆழத்து நீர் குவிந்து எழுகிறது. 1998 இல் விநாயச்சந்திரன், யமகாட்டா ஆகிய ஆய்வாளர்கள் இதை 'இலங்கைக் குவிமாடம்' என விவரித்தனர்.

குளத்தின் அடியில் இலைதழை மக்குவது போல, கடலில் இறந்த உயிரினங்களும் ஆழத்தில் அமிழ்ந்து மக்குகின்றன. அப்போது உண்டாகும் காபனீரொட்சைட்டு அந்த நீரிலேயே கரைந்து தங்கிவிடும். அந்த நீர் மேலே வந்து வெயிலில் சூடேறும்போது, மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல வாயுவை வளிமண்டலத்துக்கு விடுகிறது.

கதை அத்துடன் முடிவதில்லை. ஆழத்து நீர் நைத்திரேற்று, பொசுபேற்று போன்ற போசணைகளையும் கொண்டுவருகிறது. அவற்றை உண்டு தாவரப் பிளாந்தன்கள் பெருகி, காபனீரொட்சைட்டை மீண்டும் உறிஞ்சுகின்றன. அவற்றைத் தேடி மீன் வருகிறது. வெளிவிடுவது கூடவா, உறிஞ்சுவது கூடவா என்பது இடத்தையும் பருவத்தையும் பொறுத்தது. சோமாலியா, ஓமான் கரைகளில் தென்மேல் பருவத்தில் வெளிவிடுவதே மேலோங்குகிறது. வங்காள விரிகுடாவின் வடபகுதியிலோ, கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆறுகளின் நன்னீர் மேலே மூடிபோலப் பரவி, ஆழத்து நீர் கலப்பதைத் தடுக்கிறது.

அப்படியானால் புவி வெப்பமாவதற்குக் கடல்தான் காரணமா? இல்லை. மேலெழுகை மிகப் பழைய இயற்கைச் சுழற்சி. மொத்தக் கணக்கில், மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் வளியில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 ஐத் தாண்டியதற்குப் பிரதான காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்ததே. காடழிப்பும் அதில் சேரும். கடலும் இதற்கு விலை கொடுக்கிறது: அதன் நீர் அமிலத்தன்மை கூடிவருகிறது, சிப்பிகளும் பவளங்களும் ஓடு கட்டச் சிரமப்படுகின்றன. ஏற்கனவே காபன் நிறைந்த நீர் எழும் கரைகளில் இந்தப் பாதிப்பு முந்தி வரும்.

வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால், வளி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெருமழைகள் மேலும் கடுமையாவது இதனால்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில், போருக்குப் பின் மீளக்குடியேறிய கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் கட்டியெழுப்பியவற்றை மறுபடியும் நீரில் கண்டார்கள். அந்த ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டிக் காலநிலை மாற்றத்தைக் குற்றம்சாட்ட முடியாது. ஆனால் வளியில் சேர்ந்த காபனில் மிகச் சொற்பமே நம்முடையது. அதன் விளைவோ நம் வயலுக்கும் வாடிக்கும் வந்து சேர்கிறது. குளக்கட்டு, வடிகால், கரையோரக் கண்டல் காடு ஆகியவற்றைப் பாதுகாப்பது வன்னிக்கு அவசரத் தேவையாவது இதனாலேயே.