52 இறங்கி 81 ஏறினால் லாபமா?

யானை மலை அடிவாரத்தில் இருக்கிறது ஒத்தக்கடை. அங்கே டீக்கடை பெஞ்சில் ஒரு மாமனும் மாப்பிள்ளையும் பங்கு மார்க்கெட் கணக்குப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"மாமா! 2008-ல் நூற்றுக்கு 52 இறங்கியது. 2009-ல் நூற்றுக்கு 81 ஏறியது. கழித்தால் 29 லாபம்தானே?"

"அப்படியானால் என் ரூபாய் எங்கே, மாப்ளே?"

மாமன் கேட்பது நியாயம்தான்.

மும்பை பங்கு மார்க்கெட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண், "சென்செக்ஸ்". 2007 கடைசியில் அது 20,287. மறு ஆண்டு அமெரிக்காவில் பணநெருக்கடி. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கம்பெனி திவால் ஆயிற்று. வெளிநாட்டார் இங்குள்ள பங்குகளையும் விற்றுத் தள்ளினர். ஆண்டுக் கடைசியில் எண் 9,647!

மாமன் 2007 கடைசியில் போட்டது 1 லட்சம். சென்செக்ஸ் கணக்குப்படி அது 47,550 ரூபாய் ஆகிவிட்டது. பிறகு ஏறிய 81 சதவிகிதம் இந்த 47,550-க்குத்தான், லட்சத்துக்கு அல்ல! 2009 கடைசியில் மாமன் பணம் சுமார் 86,000.

மாப்பிள்ளை போட்டதும் 1 லட்சம்தான். ஆனால் 2008 கடைசியில் போட்டார். 2010 கடைசியில் எண் 20,509. மாப்பிள்ளைக்கு 2 லட்சத்து 12 ஆயிரம்! மாமனுக்கோ, மூன்று ஆண்டு காத்திருந்தும் 1,100 ரூபாய்தான் லாபம். (டிவிடெண்டு தனி.)

காத்திருக்க முடிந்ததே, அதுவே பெரிது. மாமன் வீட்டில் 2009 தை மாதம் கல்யாணம் வைத்திருந்தால், அந்த லட்சத்தில் பாதிகூடத் தேறியிருக்காது.