கொர்ச்சாவின் பெண்கள் பள்ளி



ஒட்டோமான் ஆட்சியில் பெரும்பாலான அல்பேனியச் சிறுவர்கள் துருக்கிய மொழியிலோ கிரேக்க மொழியிலோதான் பாடம் படிக்க வேண்டியிருந்தது. தாய்மொழிக் கல்விக்கு அரசும் தடை போட்டது, கிரேக்கத் திருச்சபையும் எதிர்ப்புக் காட்டியது.

அந்தக் காலத்தில், அல்பேனிய சுவிசேஷ சபையின் முன்னோடி ஜெராசிம் கிரியாசி, இன்றைய அல்பேனியாவிலுள்ள கொர்ச்சா நகரில் மறைப்பணி செய்துவந்தார். 1884-இல் கொள்ளையர் இவரைக் கடத்தி, மாதக்கணக்கில் மலையில் அடைத்து வைத்தார்கள். மீண்டு வந்தவர், 1891-இல் தங்கை செவஸ்தியுடன் சேர்ந்து, பெண்களுக்கு அல்பேனிய மொழியிலேயே பாடம் சொல்லும் பள்ளியைத் தொடங்கினார். 1894-இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல் அவர் இறந்துவிட, செவஸ்தி பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார். இளைய தங்கை பராஷ்கெவி, அல்பேனிய எழுத்துமுறையை முடிவுசெய்த 1908-ஆம் ஆண்டு மொனாஸ்டிர் மாநாட்டில் பங்கேற்றார்.

கிரியாசி முன்னெடுத்த சுவிசேஷப் பணி பின்னாளில் பெரும் தடையைச் சந்தித்தது: 1967-இல் அல்பேனியாவில் என்வர் ஹோஜாவின் கம்யூனிச அரசு எல்லா மதங்களையும் தடைசெய்தது. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மூடப்பட்டன. 1990-இல் தடை தளர்ந்ததும் சுவிசேஷ சபைகள் மீண்டும் கூடின. இன்று இஸ்லாம், பெக்தாஷி, ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம் ஆகியவற்றோடு, அல்பேனிய அரசு ஒப்பந்தம் செய்து ஏற்றுக்கொண்டுள்ள ஐந்தாவது சமயச் சமூகம், இந்தச் சபைகளின் கூட்டமைப்பான சுவிசேஷ சகோதரத்துவம்.