உயிரியக்கக் கண்ணாடி

உயிரியக்கக் கண்ணாடி என்பது உயிருள்ள எலும்புடன் வேதியியல் முறையில் பிணையக்கூடிய கண்ணாடி வகை ஆகும். சிதைந்த எலும்பை நிரப்பவும் பற்களைச் சீர்செய்யவும் இது பயன்படுகிறது.

வரலாறு

1960களில், உடலினுள் பொருத்தப்படும் பொருள் உடலோடு வினைபுரியாமல் இருப்பதே நல்லது எனக் கருதப்பட்டது. ஆனால் உடல் அத்தகைய பொருளைச் சுற்றி நார்த்திசு உறையை உருவாக்கி அதை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் பொருள் தளர்ந்துவிடுவதும் உண்டு. 1967இல் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி ஹென்ச், கருத்தரங்கு ஒன்றுக்குப் பேருந்தில் செல்கையில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படை அதிகாரி ஒருவருடன் உரையாடினார். மனித உடல் ஏற்றுக்கொள்ளும் பொருளை உருவாக்க முடியுமா என்று அவ்வதிகாரி கேட்டதே ஆய்வுக்குத் தூண்டுதலாயிற்று. 1969இல் உருவான கண்ணாடி எலிகளின் தொடை எலும்பில் பொருத்தப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின் அதனை எலும்பிலிருந்து பிரிக்க இயலவில்லை.

செயற்படும் முறை

45எஸ்5 எனப்படும் இக்கண்ணாடியில் எடையளவில் 45% சிலிக்கா, 24.5% சோடியம் ஆக்சைடு, 24.5% கால்சியம் ஆக்சைடு, 6% பாஸ்பரஸ் பென்டாக்சைடு உள்ளன. சன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70% அளவில் இருப்பதால் அது நீரில் எளிதில் கரைவதில்லை. இதுவோ கரைகிறது, இதன் பயன் முழுவதும் அக்கரைதலில்தான் உள்ளது.

உடல்நீர்மம் பட்டவுடன் கண்ணாடியின் சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தை ஹைட்ரஜன் அயனிகள் பிடிக்கின்றன. மேற்பரப்பில் சிலிக்கா மிகுந்த கூழ்ப்படலம் உருவாகிறது. அதன்மீது கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, ஹைட்ராக்சி கார்பனேட் அப்படைட் என்னும் படிகமாகின்றன. எலும்பின் கனிமப் பகுதியும் ஏறத்தாழ இதே சேர்மம் ஆதலால், எலும்பின் கொலாஜன் இழைகள் இப்படலத்துடன் பிணைகின்றன. உருக்கித் தயாரிக்கும் கண்ணாடியில் சிலிக்கா 60 விழுக்காட்டைத் தாண்டினால் இப்பிணைப்பு நிகழ்வதில்லை.

பயன்பாடுகள்

மருத்துவத்தில் இது முதலில் 1980களில் நடுச்செவிச் சிற்றெலும்புகளுக்கு மாற்றாகப் பொருத்தப்பட்டது. பின்னர் ஈறுநோயால் கரைந்த தாடையெலும்பை நிரப்பும் துகளாக வந்தது. பற்பசைகளில் சேர்க்கப்படும் நுண்தூள், பல்லின் எனாமலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களை அடைத்துப் பற்கூச்சத்தைக் குறைக்கிறது. பின்லாந்தில் உருவான எஸ்53பி4 வகை, நாட்பட்ட எலும்புத் தொற்றுக்குப் பயன்படுகிறது. கரையும்போது சூழலின் காரத்தன்மையும் சவ்வூடு அழுத்தமும் உயர்வதால் நுண்ணுயிரிகள் வளர இயலுவதில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கட்டுப்படாத தொற்றுகளில் இப்பண்பு குறிப்பிடத்தக்கது.

குறைபாடுகள்

இது எளிதில் உடையும் தன்மையது. எனவே இடுப்பு, முழங்கால் போன்ற எடை தாங்கும் இடங்களில் தனித்துப் பயன்படுத்த இயலாது. எலும்பு உள்வளரத்தக்க துளைகளுடன் வார்ப்பதற்காகத் தூளைச் சூடாக்கி ஒட்டவைக்கும்போது 45எஸ்5 படிகமாகிவிடுகிறது. அதனால் எலும்புடன் பிணையும் வேகம் குறைகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்த 13-93 வகையில் இச்சிக்கல் குறைவு, ஆயினும் அது மெதுவாகவே கரைகிறது.