உங்களுக்குத் தெரியுமா? பியானோவும் கிதாரும் கலந்த ‘ஃபாலன்’

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலுள்ள லிட்டில் ராக் நகரத்தில் தோன்றிய இவானெசன்ஸ் என்னும் ராக் இசைக்குழு, 2003 மார்ச் 4 அன்று வெளியான ‘ஃபாலன்’ என்ற தன் முதல் ஸ்டூடியோ ஆல்பத்தில், மின்கிதாரின் கனத்த முழக்கத்தையும் பியானோவின் மிருதுவான நாதத்தையும் இணைத்து, அவற்றுக்குப் பின்னணியாகத் தந்தி வாத்தியங்களையும் சேர்ந்திசைக் குரல்களையும் அமைத்து, சோகரசத்துக்கு ஒரு கம்பீரத்தை அளித்தது.

இளைஞர் முகாம் ஒன்றில், பின்னாளில் இக்குழுவின் பாடகியான ஏமி லீ பியானோ வாசிக்கக் கேட்டு வியந்த பென் மூடி என்னும் கிதார் கலைஞர், அவரோடு சிநேகம் பூண்டதே இக்குழுவின் ஆரம்பம்.

ஆண்குரல் ஒன்றும் ஒலித்தே தீரவேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனத்தார் நிர்ப்பந்தித்ததன் பேரில், பாடகர் பால் மெக்காயின் குரலையும் சேர்த்துப் பதிவான ‘பிரிங் மீ டு லைஃப்’ என்னும் இந்த ஆல்பத்தின் பாடல், ‘டேர்டெவில்’ திரைப்படத்தின் வாயிலாக உலகெங்கும் பிரசித்தி பெற்று, 2004இல் கிராமி விருதையும் வென்றது. அவ்வாண்டின் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமியும் இக்குழுவுக்கே கிடைத்தது.

அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு நிகரான விற்பனையை எட்டியதற்காக, 2022இல் இந்த ஆல்பத்துக்கு வைரச் சான்றிதழ் வழங்கப்பட்டது.