மின்தடைக்குப் பின் குளிர்சாதனப் பெட்டி உணவு: எதை உண்ணலாம், எதை ஒதுக்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நேற்று முழுதும் மின்சாரம் இல்லை, இன்று காலையில்தான் வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் குழம்பில் கெட்ட வாடை எதுவும் இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் விடை. வாடை இல்லாமை பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. கொதிக்க வைத்தலும் எல்லாக் கேட்டையும் போக்கிவிடாது. அந்த உணவு எத்தனை மணி நேரம் குளிர் இழந்து கிடந்தது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அதை அறியும் வழிகளை இங்கே விளக்குகிறோம்.

நம் கரையோரத்தில் மின்தடை

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், டெல்டா மாவட்டங்களின் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து பாம்பனை நெருங்கி வந்து, நம் மாவட்டக் கரையருகே வலுவிழந்தது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

புயலும் பெருமழையும் இல்லாத நாளிலும், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் மாலையில்தான் வருவதுண்டு. குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை அந்த நேரமே போதுமான அளவு நீண்டது.

மூக்கும் நாக்கும் ஏன் போதா?

உணவில் வாடையை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேறு. நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் வேறு. பின்னவை பெருகிய உணவு நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் மாற்றமின்றி இருக்கக்கூடும். ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இவை விரைந்து பெருகும். ஏற்ற சூழலில் சில வகை நுண்ணுயிரிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. அக்கணக்கில் ஒரே ஓர் உயிரி 4 மணி நேரத்தில் நான்காயிரத்தையும், 6 மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்தையும் தாண்டிவிடும்.

மீண்டும் கொதிக்க வைத்தால் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் மடியும். ஆனால் அவற்றுள் சில, மடிவதற்கு முன்னரே உணவில் நஞ்சை விட்டிருக்கும். சமைத்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வாந்தி உண்டாக்கும் நஞ்சும், கையிலிருந்து உணவுக்குச் செல்லும் ஸ்டெஃபிலோகாக்கஸின் நஞ்சும் அடுப்பின் வெப்பத்துக்கு அழிவதில்லை.

மீனில் மறைந்திருக்கும் கேடு

கடலோர மக்கள் தனியே அறிய வேண்டியது மீனைப் பற்றியது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் குளிர் இழந்து கிடந்தால், அவற்றின் தசையில் இயல்பாக உள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை நுண்ணுயிரிகள் ஹிஸ்டமின் ஆக மாற்றுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைப் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் மீண்டும் உறைய வைத்தாலும் நீக்க இயலாது. அத்தகைய மீனை உண்ட சில நிமிடங்களில், அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், முகம் சிவத்தல், தலைவலி, உடலில் தடிப்பு, நெஞ்சு படபடப்பு ஆகியவை தோன்றும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று எண்ணிக்கொள்கின்றனர். காசநோய்க்கு ஐசோநியாசிட் மாத்திரை உட்கொள்வோர்க்கும் இதய நோயாளிகளுக்கும் இது கடுமையாகலாம்.

2003 ஆகஸ்டில் நியூயார்க் நகரம் முழுதும் மின்சாரம் இழந்தது. அதைத் தொடர்ந்து அங்கே வயிற்றுப்போக்கு கூடியதை ஆராய்ந்தவர்கள், மின்தடைக்குப் பின் இறைச்சியும் கடல் உணவும் உண்டதற்கும் அந்நோய்க்கும் தொடர்பு இருந்ததைக் கண்டனர். வசதி மிக்க பெருநகரமும் இதற்கு விலக்கன்று.

மணிக்கணக்கு

மின்சாரம் நின்ற நேரத்தை உடனே ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். கதவைத் திறக்காதிருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம் பாதுகாப்பான குளிரைத் தாங்கும். அடிக்கடி திறந்தாலோ, கதவின் ரப்பர் தளர்ந்திருந்தாலோ இந்நேரம் குறையும்.

தனிக் கதவுள்ள ஃப்ரீசர் நிறையப் பொருள் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் சுமார் 24 மணி நேரமும் தாங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேற்புறத்தில் உள்ள சிறிய ஐஸ் அறைக்கு இக்கணக்குப் பொருந்தாது; அதை நம்ப வேண்டாம்.

நோயாளியுடன் மருத்துவமனையில் தங்கியிருந்து வீடு திரும்புவோர்க்கு ஓர் இடர் உண்டு. இடையில் மின்சாரம் போய் வந்திருந்தால், பெட்டி மீண்டும் குளிர்ந்திருக்கும், நடந்தது தெரியாது. இதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் நீரை முழுதும் உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, ஃப்ரீசரிலேயே விட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனிக்கட்டி உருகவில்லை. அடியில் உறைந்து கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது; அங்குள்ள மீனையும் இறைச்சியையும் ஒதுக்கிவிடுங்கள். நாணயம் மேலே இருந்தாலும் அது ஃப்ரீசரைப் பற்றி மட்டுமே சொல்லும். கீழ்த்தட்டு உணவுக்கு மணிக்கணக்கே அளவு. எத்தனை மணி நேரம் என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறியுங்கள்.

எதை ஒதுக்குவது, எதை வைத்துக்கொள்வது?

4 மணி நேரத்துக்கு மேல் குளிர் இழந்த பெட்டியிலிருந்து ஒதுக்க வேண்டியவை: மீன், இறால், நண்டு, கணவாய், இறைச்சி; சமைத்த சோறு, குழம்பு, கூட்டு, பருப்பு; பால், பன்னீர், பாலில் செய்த இனிப்புகள்; அவித்த முட்டை; அரைத்த தேங்காய், தேங்காய்ச் சட்னி; நறுக்கிய பழங்கள், பழச்சாறு; குழந்தைக்குக் கரைத்து வைத்த பால் மாவு.

வைத்துக்கொள்ளத்தக்கவை: நறுக்காத காய்கறிகளும் பழங்களும், நெய், ஊறுகாய், புளி, பொடி வகைகள், நன்கு உலர்ந்த கருவாடு. தயிரும் இட்லி மாவும் தம் புளிப்பினால் ஓரளவு தாங்குவன. எனினும் நிறம் மாறியோ பூசணம் படர்ந்தோ இருந்தால் ஒதுக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அவற்றையும் புதிதாகவே தருவது நன்று.

ஃப்ரீசரில் உள்ள மீனிலோ இறைச்சியிலோ பனித்துகள்கள் இன்னும் இருந்தால் உடனே சமைக்கலாம். மீண்டும் உறையவும் வைக்கலாம். முற்றிலும் இளகி வெதுவெதுப்பாகியிருந்தால் வேண்டாம். மழைவெள்ளம் தொட்ட உணவு எதுவாயினும் வேண்டாம்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், கல்லீரல் சுருக்க நோயாளிகள், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர்க்கு, வலியவர் தாங்கும் வயிற்றுப்போக்கும் உயிருக்கு இடராகலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோரும் இதில் சேர்வர். அமிலம் குறைந்தால் குடல் தொற்று எளிதாகும்.

இன்சுலின் பற்றியும் ஒரு சொல். மின்தடையால் அது உடனே வீணாகிவிடாது. பெரும்பாலான இன்சுலின் வகைகள் 25 முதல் 30 பாகைக்கு மேற்படாத வெப்பநிலையில் ஏறத்தாழ நான்கு வாரம் பயன்படுவன. உங்கள் மருந்துக்குரிய நாள்கணக்கை உறையிலுள்ள குறிப்பில் பாருங்கள். மருந்துக் குப்பியை நீர் புகாத டப்பாவில் இட்டு, நீர் ஊற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். ஐஸ்மேல் நேரடியாக வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

முன்னேற்பாடு

பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்பட்டாலோ புயல் எச்சரிக்கை வந்தாலோ, முதல் நாளே நீர் நிறைத்த பாட்டில்களை, நீர் விரிய மேலே சிறிது இடம்விட்டு, உறைய வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றதும் அவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். நம் மீனவர்கள் செய்வதுபோல், தெர்மோகோல் பெட்டியில் அடியிலும் மேலும் உடைத்த ஐஸ் இட்டு மீனை வைக்கலாம். உருகும் நீரை வடித்துப் புது ஐஸ் சேர்க்க வேண்டும். மீனுக்கான அந்த ஐஸைப் பானங்களில் போடக் கூடாது. மழை நாள்களில் ஒரு வேளைக்குரிய அளவே சமைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

உண்டபின் நோய் கண்டால்

வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதில் குறித்த அளவு குடிநீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீரக, இதய நோயாளிகள் எவ்வளவு அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீரிழிவு நோயாளிகள் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல், மயக்கம், மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

உணவை எறிவது எளிதன்று என்பதை அறிவோம். ஒரு கிலோ மீன் பலருக்கு ஒரு நாள் உழைப்பின் பயன். அதனால்தான் பல வீடுகளில் நோயாளிக்குப் புதிதாகச் சமைத்துக் கொடுத்துவிட்டு, ஐயத்துக்குரியதைத் தாயோ மனைவியோ தாம் உண்டுவிடுகின்றனர். இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பணிவிடை செய்பவர் படுத்துவிட்டால், நோயாளிக்கு வேளைக்கு மருந்து கொடுக்கவும் ஆளிராது. எத்தனை மணி நேரம் என்று தெரியாத உணவு வீட்டில் ஒருவருக்கும் வேண்டாம்.